மாத்திரை போட்டால் அதே இடத்தில் கரும்படை: அப்பாவுக்கு இது என்ன?

வைகைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 62, தேனிப் பக்கம் தோட்ட வேலை. கீழுதட்டில் ஒன்று, வலது மணிக்கட்டில் ஒன்று என்று வட்டமாகக் கரும்படை இருக்கிறது. சாதாரண நாளில் அரிப்பும் இல்லை, வலியும் இல்லை. ஆனால் வருஷத்தில் சில தடவை அந்த இடம் மட்டும் திடீரென்று சிவந்து எரிகிறது, நடுவில் நீர்க்கொப்புளம் கட்டுகிறது. பத்து நாளில் ஆறிவிடும். ஆறின பிறகு முன்பைவிடக் கறுப்பாகத் தெரியும்.

ஊரில் அக்கி என்றார்கள். குயவர் வீட்டுக்குப் போய்க் காவியால் எழுதிக்கொண்டு வந்தார். பூரான் கடி என்று ஒருவர் பச்சிலை கொடுத்தார். அம்மா வீட்டில் கருவாட்டையும் கத்தரிக்காயையும் நிறுத்திவிட்டார். போன வாரம் மறுபடி வந்தது. பழைய இரண்டு இடத்தோடு தொடையிலும் புதிதாக ஒன்று. அன்று காலையில் வயிற்றுப்போக்குக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டிருந்தார். அதற்கு முந்தைய தடவையும் வயிற்றுப்போக்குதான் என்று அம்மாவுக்கு இப்போது ஞாபகம் வருகிறது.

இது மாத்திரையால் வருமா? மாத்திரை அலர்ஜி என்றால் உடம்பு முழுக்கத்தானே தடிக்கும், குறிப்பிட்ட இடத்தில் மட்டும் எப்படி வரும்?

தோல்மருத்துவர்_மதுரை:
நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததும் தோல் மருத்துவர் யாருக்கும் முதலில் தோன்றுவது நிலைத்த மருந்துப் படைதான். நாங்கள் ஃபிக்ஸ்டு டிரக் எரப்ஷன் என்போம், சீட்டில் எஃப்.டி.இ. என்று எழுதுவோம். 1894-இல் பிரோக் என்ற பிரெஞ்சுத் தோல் மருத்துவர், ஆன்டிபைரின் என்ற அந்தக் காலத்துக் காய்ச்சல் மருந்து சாப்பிட்டவர்களிடம் இதைப் பார்த்துப் பெயர் வைத்தார். நம் வெளிநோயாளிப் பிரிவுகளில் இது அபூர்வமே இல்லை.

ஒரே இடம் எப்படி என்று கேட்டீர்களே, அதுதான் இதன் அடையாளம். முதல் தடவை அந்த மருந்துக்கு எதிராக வந்த டி செல்களில் (நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களில்) ஒரு பகுதி திரும்பிப் போவதில்லை. அந்தத் தோலிலேயே காவல்காரர் மாதிரி குடியிருந்துவிடும். அடுத்த தடவை அதே மருந்து இரத்தத்தில் கலந்ததும், சிலருக்கு அரை மணியில், பெரும்பாலோருக்குச் சில மணி நேரத்தில், அங்கே இருக்கும் தோல் செல்களைத் தாக்கும். அதனால்தான் எரிச்சலும் கொப்புளமும். செத்த செல்களிலிருந்து வெளியான நிறமி உள்தோலுக்கு இறங்கித் தங்குவதுதான் அந்தக் கறுப்பு. உதடு, கை, கால், பிறப்புறுப்பு ஆகியவை வழக்கமாக வரும் இடங்கள்.

வயிற்றுப்போக்கு மாத்திரை என்றால் எனக்கு முதலில் சந்தேகம் ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த மாத்திரை மேல்தான். அதற்கு அப்புறம் நார்ஃப்லாக்சசினும் டினிடசோலும் சேர்ந்தது. கோ-டிரைமாக்சசோல், டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள், வலி மாத்திரைகள், சிலருக்குப் பாராசிட்டமால்கூட இதைச் செய்யும்.

அக்கியில் கொப்புளங்கள் ஒரு நரம்பின் வழியே உடம்பின் ஒரு பக்கமாகக் கொத்துக்கொத்தாக வரும். அதே வட்டத்தில் திரும்பத் திரும்ப வராது. உதட்டில் மட்டும் அடிக்கடி வருவது ஹெர்ப்பிஸாகவும் இருக்கலாம், ஆனால் அது இப்படிக் கறுப்பு வட்டம் விடாது.

புதிதாக ஒரு இடம் சேர்ந்திருப்பதைக் கவனியுங்கள். தெரியாமல் அதே மருந்தைப் போடப் போட இடங்கள் கூடும். வயதானவர்களுக்கு உடம்பில் பல இடத்தில் பெரிய கொப்புளங்களாக வந்து படுக்கையில் சேர்க்கும் நிலைக்கும் போகலாம். அந்த மாத்திரை அட்டை வீட்டில் இருக்கிறதா?

வைகைக்கரை:
நன்றி டாக்டர். அட்டை இல்லை. பேப்பர் கவரில் மடித்துக் கொடுத்த மாத்திரை. ஒரு மஞ்சள், ஒரு வெள்ளை, ஒரு சின்ன மாத்திரை. அவ்வளவுதான் அப்பாவுக்குத் தெரியும்.

மருந்துக்கடை_அனுபவம்:
மருந்தாளுநராக இருப்பவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். அந்தப் பேப்பர் கவர்தான் இங்கே பெரிய பிரச்சினை. காய்ச்சலுக்கு ஒரு செட், உடம்பு வலிக்கு ஒரு செட், வயிற்றுப்போக்குக்கு ஒரு செட் என்று அட்டையிலிருந்து வெட்டி, பெயர் இருக்கும் பகுதி கடையிலேயே தங்கிவிடும்படி கொடுக்கிறார்கள். வாங்குகிறவருக்கும் அது வசதி, பத்து இருபது ரூபாயில் வேலை முடிகிறது. டாக்டரிடம் போய் உட்கார்ந்து ஒரு நாள் கூலியை விட முடியாத ஆளைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் எதிர்வினை வந்தால் எதைச் சாப்பிட்டார் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

ஆன்டிபயாட்டிக்குகள் எச் பட்டியலில் வருபவை, மருந்துச் சீட்டு இல்லாமல் கொடுக்கவே கூடாது. நடப்பது நமக்குத் தெரியும். அதனால் குறைந்தபட்சம் இதைச் செய்யுங்கள்: ஒரு மாத்திரை வாங்கினாலும் பெயர் அச்சிட்ட பக்கத்தோடு வெட்டித் தரச் சொல்லுங்கள், அல்லது கடையிலேயே அட்டையின் பின்பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில் கேளுங்கள். நான் கொடுப்பேன், கேட்டால் பெரும்பாலான கடைகளில் கொடுப்பார்கள்.

இன்னொன்று, படம் எடுக்கும்போது பெரிய எழுத்தில் இருக்கும் வணிகப் பெயர் மட்டும் போதாது. கீழே பொடி எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும், அதுதான் வேண்டும். ஒரே மருந்து பல கம்பெனிப் பெயர்களில் வருகிறது. ஒரே பெயரோடு பின்னால் ஓர் எழுத்து சேர்ந்தால் உள்ளே வேறு மருந்தும் சேர்ந்திருக்கலாம். கூட்டு மாத்திரைகள் நம் நாட்டில் அவ்வளவு பெருகியதால்தான் 2018-இல் மத்திய அரசு 328 கூட்டு மருந்துகளை ஒரே சமயத்தில் தடை செய்தது. அதற்குப் பிறகும் கடையில் கூட்டு மருந்துக்குக் குறைவில்லை. எதிர்வினை வந்தால் இரண்டில் எது காரணம் என்று பிரிக்க முடியாமல் போவது இதனால்தான்.

பெயர்_வேண்டாம்:
இதைப் படித்ததும் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. எனக்கு இதே படை ஆணுறுப்பின் நுனியில் வந்தது. டாக்டரிடம் காட்டக் கூச்சம். பால்வினை நோயாக இருக்குமோ என்ற பயத்தில் வீட்டில் மனைவியிடம் முகம் கொடுத்துப் பேசவே முடியவில்லை. அவளுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. எச்.ஐ.வி., வி.டி.ஆர்.எல். (சிஃபிலிஸ் சோதனை) எல்லாம் எடுத்தேன், ஒன்றுமில்லை. கடைசியில் ஓர் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் வயதான டாக்டர் அம்மா கேட்ட முதல் கேள்வியே "சளிக்கும் காய்ச்சலுக்கும் என்ன மாத்திரை போடுவீங்க?" என்பதுதான். கோ-டிரைமாக்சசோல் என்று தெரிந்தது. என் மனைவியையும் உள்ளே கூப்பிட்டு அவரே விளக்கினார். அந்த அம்மாவுக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. இந்த மாதிரி இடத்தில் வந்திருக்கிற யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து தோல் மருத்துவரிடம் போங்கள்.

தோல்மருத்துவர்_மதுரை:
எழுதியதற்கு நன்றி. ஆண்களுக்கு அந்த இடத்தில் வருவது மிகச் சாதாரணம். கோ-டிரைமாக்சசோலும் டெட்ராசைக்ளின் வகையும் அங்கே வரவழைப்பதற்குப் பேர் போனவை. பால்வினை நோய்ச் சோதனை செய்து பார்ப்பதும் சரியே, இரண்டையும் கேட்டுத் தெளிவாக்குவதுதான் முறை. அந்த டாக்டர் உங்கள் மனைவியிடம் பேசியது மருந்துச் சீட்டு எழுதியதைவிடப் பெரிய சிகிச்சை.

நீலாம்பரி:
இந்த இழையில் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். படை என்ற அளவில் நின்றால் நல்லது. என் தங்கைக்கு நின்றது அங்கே இல்லை.

அவளுக்கு வலிப்பு வந்ததால் கார்பமாசெபின் கொடுத்தார்கள். வலிப்பு நின்றுவிட்டது, எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். மூன்றாவது வாரத்தில் காய்ச்சல், தொண்டை வலி, கண் சிவப்பு. பக்கத்து கிளினிக்கில் வைரஸ் காய்ச்சல் என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். மறுநாள் மார்பிலும் முகத்திலும் சிவப்புப் பொட்டுகள். வீட்டில் பெரியவர்கள் அம்மை வார்த்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். வேப்பிலையில் படுக்க வைத்தோம், வாசலில் வேப்பிலை செருகினோம், ஆஸ்பத்திரிப் பேச்சே எடுக்கக் கூடாது என்றார்கள். ஆனால் வலிப்பு மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் வேளாவேளைக்குக் கொடுத்தோம். உடம்பைத் தொட்டால் எரிகிறது என்று அழுதாள். அம்மையில் அரிக்கும், இப்படி வலிக்காது என்று என் பெரியம்மாதான் முதலில் சந்தேகப்பட்டார். வாயெல்லாம் வெந்து தண்ணீர்கூட விழுங்க முடியாமல் போன பிறகு தூக்கிக்கொண்டு ஓடினோம். அதற்குள் முதுகில் தோல் கையோடு வருகிறது.

ஸ்டீவன்ஸ்-ஜான்சன் சிண்ட்ரோம் என்றார்கள். தீக்காயப் பிரிவில் வைத்துப் பார்த்தார்கள். பிழைத்துவிட்டாள். தோல் ஆறிவிட்டது, இன்று பார்த்தால் சில இடத்தில் நிறம் மாறியிருப்பது மட்டும் தெரியும். கண் ஆறவில்லை. கண்ணீரே சுரப்பதில்லை, இமை உள்பக்கமாக ஒட்டிக்கொண்டது, முடிகள் கருவிழியில் உரசுகின்றன. வெயிலில் நிற்க முடியாது. ஆஸ்பத்திரியில் இருந்த முதல் வாரத்தில் கண் மருத்துவர் வந்து பார்த்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்று பிறகு பார்த்த கண் மருத்துவர் சொன்னார். அப்போது உயிரைப் பற்றித்தான் எல்லோருக்கும் கவலை. கண்ணைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

தோல்மருத்துவர்_மதுரை:
நீலாம்பரி, உங்கள் கோபம் நியாயமானது. இந்த நோயில் முதல் சில நாட்களிலேயே கண் மருத்துவர் தினமும் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் பனிக்குடச் சவ்வை எடுத்துக் கண்ணின் மேற்பரப்பில் வைத்து மூடுவார்கள், ஒட்டிக்கொள்ளாமல் காக்கும். அந்த நாட்கள் போனால் பிறகு செய்வதெல்லாம் மீட்பு வேலைதான். உங்கள் தங்கைக்கு உதட்டின் உள்சவ்வை எடுத்து இமை ஓரத்தில் வைக்கும் அறுவை சிகிச்சை, ஸ்கிளீரல் லென்ஸ் (கண்ணின் வெள்ளைப் பகுதிவரை மூடும் பெரிய லென்ஸ்) இரண்டையும் பற்றிக் கேட்டுப் பாருங்கள். முடி உரசுவதற்கும் வறட்சிக்கும் நல்ல பலன் கிடைக்கிறது. பார்வையே போனவர்களுக்கு, அவர்களுடைய பல்லையும் எலும்புத் துண்டையும் எடுத்து அதில் லென்ஸைப் பொருத்திக் கண்ணில் வைக்கும் அறுவை சிகிச்சைகூட இருக்கிறது. இத்தாலியில் 1960-களில் தொடங்கிய முறை. சென்னை சங்கர நேத்ராலயாவில் செய்கிறார்கள்.

மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1922-இல் அமெரிக்காவில் ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்ற இரு மருத்துவர்கள் இரண்டு சிறுவர்களிடம் பார்த்து எழுதியது இது. தோல் உரிவது உடம்பில் 10 சதவீதத்துக்குள் என்றால் அந்தப் பெயர். 30 சதவீதத்தைத் தாண்டினால் டென் (டாக்சிக் எபிடெர்மல் நெக்ரோலிசிஸ்) என்போம், ஸ்காட்லாந்தின் லயல் 1956-இல் விவரித்தது. இடையில் இருப்பது இரண்டும் கலந்த நிலை. டென் வந்தால் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இறக்கிறார்கள். காரணமான மருந்தை எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறோமோ அவ்வளவு பிழைக்கும் வாய்ப்பு கூடும்.

இங்கேதான் எல்லோரும் தவறும் இடம். நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிறோம். மீன், கருவாடு, கத்தரிக்காய் என்று தேடுகிறோம். இந்த நோய் நேற்றுப் போட்ட மாத்திரையால் வருவதில்லை. புதிதாக ஒரு மருந்து தொடங்கி 4 நாள் முதல் 4 வாரத்துக்குள் வரும். காய்ச்சல் வந்த பிறகு போட்ட பாராசிட்டமால் மேல் பழி விழும், மூன்று வாரமாகப் போடும் வலிப்பு மாத்திரை தப்பித்துவிடும். சாதாரண மருந்துத் தடிப்புகூட ஒன்று இரண்டு வாரம் கழித்துத்தான் வருகிறது. டிரெஸ் என்று இன்னொரு வகை உண்டு: முகம் வீங்கும், நெறி கட்டும், கல்லீரல் கெடும், இரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளணு கூடும். அது 2 வாரம் முதல் 8 வாரம் வரை கழித்தும் வரும். ஆகவே டாக்டரிடம் போகும்போது கடைசி இரண்டு மாதத்தில் தொடங்கிய எல்லா மருந்தையும் சொல்லுங்கள்.

அம்மையா மருந்தா என்று வீட்டிலேயே முடிவு செய்ய வேண்டாம். அரிப்பைவிட வலியும் எரிச்சலும் அதிகம், வாயிலோ கண்ணிலோ பிறப்புறுப்பிலோ புண், சிறுநீர் போகும்போது எரிச்சல், விரலால் தேய்த்தால் தோல் நகர்வது, இவற்றில் ஏதாவது ஒன்று காய்ச்சலோடு இருந்தால் அன்றைக்கே பெரிய மருத்துவமனை. அலர்ஜி ஊசி போட்டு வீட்டுக்குப் போவதற்கான நோய் இல்லை இது.

பழனிமலை:
டாக்டர், அப்படியென்றால் வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் இப்போதே நிறுத்திவிட மாட்டார்களா? என் அண்ணன் மகன் ஃபெனிடாயின் போடுகிறான். இதைப் படித்தால் அவன் அம்மா நாளைக்கே மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுவார்.

தோல்மருத்துவர்_மதுரை:
நல்ல கேள்வி. எத்தனை வருஷமாகப் போடுகிறார்? முதல் இரண்டு மூன்று மாதத்தைத் தாண்டி ஒன்றும் வராமல் போடுகிறவருக்கு அந்த மருந்தால் இது வரும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு நிற்காமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகும், அதுதான் அவருக்கு உண்மையான அபாயம். தொடரச் சொல்லுங்கள்.

புதிதாகத் தொடங்கியவருக்குத் தடிப்பு வந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவர் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வேறு மாத்திரைக்கு மாற்றுவார். அதிலும் ஒரு விஷயம்: கார்பமாசெபின் ஒத்துக்கொள்ளாதவருக்கு ஃபெனிடாயினும் ஃபீனோபார்பிட்டோனும் கொடுக்கக் கூடாது, மூன்றும் ஒத்த அமைப்புள்ளவை. லெவெட்டிராசெட்டம், குளோபசாம் போன்றவற்றுக்குப் போவார்கள். லாமோட்ரிஜின் என்றால் அளவை மெதுவாக, வாரக்கணக்கில்தான் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு ஏற்றினால் தடிப்பு வரும் வாய்ப்பு கூடும்.

சிங்கை_வாசகி:
நீலாம்பரி அக்கா எழுதியதைப் படித்ததும் நெஞ்சு அடைத்தது. நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். என் மகனுக்கு கார்பமாசெபின் தொடங்கலாம் என்றபோது நரம்பு மருத்துவர் முதலில் ஒரு இரத்தச் சோதனை எழுதினார், எச்.எல்.ஏ.-பி 1502 என்ற மரபணு வகை இருக்கிறதா என்று பார்க்க. அது வந்த பிறகுதான் மாத்திரை என்றார். ஏன் என்று கேட்டேன். 2004-இல் தைவானில், கார்பமாசெபினால் இந்த நோய் வந்த 44 பேரைச் சோதித்தார்களாம், 44 பேருக்கும் அந்த மரபணு வகை இருந்திருக்கிறது. பிறகு 2011-இல் அங்கேயே 4,877 பேருக்கு முன்கூட்டியே சோதனை செய்து, அந்த வகை உள்ளவர்களுக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். ஒருவருக்குக்கூட இந்த நோய் வரவில்லை. சிங்கப்பூரில் 2013 முதல் ஆசிய வம்சாவளியினருக்கு இந்த மாத்திரையைப் புதிதாகத் தொடங்கும் முன் சோதிப்பதை வழக்கமாக்கிவிட்டார்கள்.

சீனர்கள், மலாய்க்காரர்களிடம்தான் அது அதிகம், இந்தியர்களிடம் குறைவு என்றும் சொன்னார். ஆனாலும் எங்களுக்கும் எடுத்தார்கள். இந்தியாவில் ஏன் எல்லோருக்கும் எடுப்பதில்லை?

தோல்மருத்துவர்_மதுரை:
நம் நாட்டில் மக்களுக்கு மக்கள் அந்த மரபணு வகையின் அளவு வேறுபடுகிறது. சோதனை எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை, கிடைக்கும் இடத்தில் செலவும் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, வேறு வலிப்பு மருந்துகள் இருக்கும்போது பல மருத்துவர்கள் அவற்றையே முதலில் எழுதிவிடுகிறார்கள். என் சொந்தக் கருத்து: கார்பமாசெபின்தான் வேண்டும் என்ற நிலையில், செலவு செய்ய முடிந்தவர்களுக்குச் சோதனையைப் பற்றிச் சொல்லவாவது வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரிகளில் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று நாங்கள் கேட்க வேண்டும். சோதனையில் இல்லை என்று வந்தாலும் முதல் இரண்டு மாதம் கவனம் தேவை, மற்ற மரபணு வகைகளாலும் வரலாம்.

கொங்குத்தமிழ்:
இடையில் ஒரு கேள்வி. மாஸ்டர் செக்கப் எடுத்ததில் யூரிக் ஆசிட் 7.6 வந்தது. மூட்டு வலி எதுவும் இல்லை. தெரிந்த மெடிக்கலில் அல்லோபுரினால் கொடுத்தார், பத்து நாளாகப் போடுகிறேன். அதுவும் இந்தப் பட்டியலில் வருமா?

மருந்துக்கடை_அனுபவம்:
வரும் அண்ணா, அதுவும் முன்வரிசையில் வரும். டாக்டர் வந்து சொல்வதற்குள் நான் சொல்லிவிடுகிறேன்: இன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள், மருத்துவர் எழுதாத மாத்திரையை அதுவரை போட வேண்டாம்.

தோல்மருத்துவர்_மதுரை:
அவர் சொன்னது சரி. ஆசிய நாடுகளில் இந்த உயிர்போகும் தோல் நோய்க்கு முக்கியக் காரணங்களில் ஒன்று அல்லோபுரினால். அதற்கும் எச்.எல்.ஏ.-பி 5801 என்ற மரபணு வகை தொடர்பு உண்டு. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு, எடுத்த எடுப்பில் கூடுதல் அளவில் தொடங்கியவர்களுக்கு ஆபத்து அதிகம். கௌட் (யூரிக் ஆசிடால் வரும் மூட்டு வீக்கம்) இருப்பவர்களுக்கு இது அருமையான மருந்து, குறைந்த அளவில் தொடங்கி ஏற்றிப் பல லட்சம் பேர் நன்றாக இருக்கிறார்கள். மூட்டு வீக்கம், சிறுநீரகக் கல் எதுவும் இல்லாமல் அறிக்கையில் எண் மட்டும் கூடியிருந்தால் பெரும்பாலோருக்கு மருந்தே தேவையில்லை. வேண்டாத மருந்தால் வரும் எதிர்வினையைப் பார்ப்பதுதான் எனக்கு மிகவும் வேதனை.

மூலிகைவழி:
இதற்குத்தான் சொல்வது, இங்கிலீஷ் மருந்தே வேண்டாம். நம் சித்த மருந்தில் பக்க விளைவு கிடையாது. நிலவேம்பும் சீந்திலும் குடித்து வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் வந்ததா?

கரும்பனை:
ஐயா, வணக்கம். நான் தொழுநோய்த் திட்டத்தில் சுகாதார மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சித்த மருத்துவத்தின் மேல் எனக்கும் மரியாதை உண்டு, அதனாலேயே சொல்கிறேன். சேராங்கொட்டையைச் சுத்தி (நச்சு நீக்கம்) செய்யாமல் கையாண்டு கையும் முகமும் கொப்பளித்து வீங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். சேராங்கொட்டையைச் சுத்தி செய்தே சேர்க்க வேண்டும் என்று சித்த நூல்களே விதித்திருக்கின்றன. தோலைக் கொப்பளிக்க வைக்கும் என்று முன்னோருக்குத் தெரிந்ததால்தான் அந்த விதி. சுத்தி சரியில்லாத பாஷாண (நச்சுக் கனிம) மருந்துகளை நாள்பட உண்டால் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோல் முடிச்சு முடிச்சாகத் தடிக்கும், அது ஆர்சனிக்கின் வேலை. வேலை செய்கிற மருந்து எதுவானாலும் யாரோ ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாது.

எங்கள் வேலையில் இதைத் தினமும் பார்த்தோம். 1981-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமின். அதற்கு முன் வாழ்நாள் முழுக்க டாப்சோன் சாப்பிட்டவர்களுக்கு, குறித்த காலத்தில் முடியும் சிகிச்சை வந்தது பெரிய விடுதலை. ஆனால் குளோஃபாசிமின் தோலில் படிந்து ஆளைச் செம்பழுப்பாக, சிலரைக் கருநீலமாக மாற்றும், தோல் வறண்டு செதிலாகும். கல்யாண வயதுப் பெண்கள் பாதியில் நிறுத்திவிடுவார்கள். வீடு வீடாகப் போய், மாத்திரை முடிந்து சில மாதங்களில் நிறம் மெல்லத் திரும்பும் என்று சொல்லி, ஏற்கெனவே முடித்துத் தேறிய பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால்தான் நம்புவார்கள். அது ஒவ்வாமை இல்லை, நிறம் ஏறுவது மட்டும்தான். அதற்குப் பயந்து நிறுத்தினால் கையும் காலும் போய்விடும்.

டாப்சோன் கதை வேறு. தொடங்கி ஐந்தாறு வாரத்தில் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, மஞ்சள் காமாலை என்று வந்தால் மாத்திரையை அன்றே நிறுத்தி வண்டி ஏற்றி அனுப்ப வேண்டும். ஒரே அட்டையில் இருக்கும் மாத்திரைகளில் எதற்குப் பயப்படக் கூடாது, எதற்குப் பயப்பட வேண்டும் என்று நோயாளிக்குச் சொல்லித் தருவதுதான் எங்கள் வேலையில் பாதி. 2013-இல் சீன ஆய்வாளர்கள் டாப்சோன் எதிர்வினைக்கும் ஒரு மரபணு வகையைக் கண்டுபிடித்தார்கள் என்று படித்தபோது, நான் அனுப்பி வைத்த முகங்கள்தான் ஞாபகம் வந்தன.

மூலிகைவழி:
கரும்பனை ஐயா, சேராங்கொட்டை பற்றிச் சொன்னது உண்மைதான். எங்கள் தாத்தாவும் அதைத் தொடும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்வார். பக்க விளைவே கிடையாது என்று நான் சொன்னது தவறு. ஆனால் சித்த மருந்துக்கு எதிர்வினை வந்தால் எங்கே சொல்வது?

மருந்துக்கடை_அனுபவம்:
சித்தம், அலோபதி எதுவானாலும் முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்கள் எடுத்துக்கொண்ட மூலிகை, லேகியம் எதையும் மறைக்காமல். இந்தியாவில் 2010 முதல் மருந்து எதிர்வினைகளைத் தொகுக்கும் தேசியத் திட்டம் இருக்கிறது, காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் நடத்துகிறது. கட்டணமில்லா எண் 1800-180-3024. மருத்துவர்தான் சொல்ல வேண்டும் என்றில்லை, நோயாளியும் குடும்பத்தாரும் சொல்லலாம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கென்று மையங்கள் இருக்கின்றன. நம் ஆட்கள் சொல்வதே குறைவு. சொன்னால்தான் எந்த மருந்து யாருக்கு என்ன செய்கிறது என்ற கணக்கு நம் மக்களை வைத்தே வரும்.

வைகைக்கரை:
எல்லாருக்கும் நன்றி. அப்பாவைத் தோல் மருத்துவரிடம் கூட்டிப் போனோம். பார்த்ததுமே எஃப்.டி.இ. என்றார். நான் மாத்திரை வாங்கின மெடிக்கலுக்குப் போய்ப் பொறுமையாகக் கேட்டேன், அவரும் அந்த மஞ்சள் மாத்திரையின் அட்டையை எடுத்துக் காட்டினார். டாக்டர் ஊகித்த மாதிரியே ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும். இனி பெயரோடுதான் கொடுப்பேன் என்று கடைக்காரர் சொன்னார். எது காரணம் என்று பார்க்க, பழைய படை இருக்கும் இடத்திலேயே மருந்தை ஒட்டிப் பார்க்கும் சோதனை செய்யலாம், இப்போதைக்கு இரண்டையும் தொடாதீர்கள் என்றார் தோல் மருத்துவர்.

வீட்டில் கருவாடு திரும்பி வந்துவிட்டது. அப்பாவின் சட்டைப் பையில் வைக்க ஓர் அட்டை எழுதியிருக்கிறேன். சரியா என்று பாருங்கள்:

"எனக்கு ஆஃப்லாக்சசின் + ஆர்னிடசோல் மாத்திரையால் தோலில் எதிர்வினை (எஃப்.டி.இ.) வந்திருக்கிறது. இந்த இரண்டையும் கொடுக்க வேண்டாம்."

தோல்மருத்துவர்_மதுரை:
நன்றாக இருக்கிறது. மூன்று திருத்தம். ஆர்னிடசோலின் குடும்பத்து மருந்துகளான மெட்ரோனிடசோல், டினிடசோல், செக்னிடசோல் பெயர்களையும் எழுதுங்கள், ஒன்றுக்கு வந்தால் மற்றதற்கும் வரலாம். ஆஃப்லாக்சசின் பக்கத்தில் நார்ஃப்லாக்சசின், சிப்ரோஃப்லாக்சசின், லெவோஃப்லாக்சசின். மருந்துப் பெயர்களை ஆங்கில எழுத்திலும் எழுதுங்கள், வெளியூரில் அவசரத்துக்குப் போனால் உதவும். கடைசியாக வந்த மாதமும் வருஷமும், எந்தெந்த இடத்தில் வந்தது என்பதும் ஒரு வரி.

சோதனையை மருத்துவமனையில் மட்டும் செய்துகொள்ளுங்கள். பாதி மாத்திரை போட்டுப் பார்ப்போம் என்று வீட்டில் யாரும் ஆரம்பிக்க வேண்டாம். அப்பாவுக்கு அடுத்த தடவை வயிற்றுப்போக்கு வந்தால் முதலில் உப்பு-சர்க்கரைக் கரைசல். பெரும்பாலான வயிற்றுப்போக்குக்கு ஆன்டிபயாட்டிக் தேவைப்படாது. இரத்தமோ காய்ச்சலோ இருந்தால் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போகட்டும்.

வைகைக்கரை:
சரி டாக்டர், மாற்றி எழுதிவிடுகிறேன். உதட்டுக் கறுப்புக்குப் பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளை க்ரீம் சொல்கிறார்கள். போடலாமா?

தோல்மருத்துவர்_மதுரை:
வேண்டாம். முகத்துக்கு விற்கும் அந்தக் க்ரீம்கள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. தோலை மெலிய வைத்து, பரு கிளப்பி, நிறுத்தினால் எரியவும் வைக்கும். அந்த மருந்து மறுபடி உள்ளே போகாவிட்டால் கறுப்பு மாதக்கணக்கில் தானாக மங்கும். தோட்டத்தில் நிற்கும்போது வெயில் படாமல் தலைத்துண்டை முன்னால் இழுத்துவிட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.